உப்புத்தாள் படக்கூடாத இடம்

வாசகி, மயிலாடுதுறைப் பக்கம் (பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்):

ஐயா, எனக்கு 64 வயது. ஒரு காலத்தில் திருச்சி வானொலியில் வீணை வாசித்துக்கொண்டிருந்தேன். 1996-இல் கணவரின் அறுவை சிகிச்சைக்குப் பணம் போதாமல் என் வீணையை 6,000 ரூபாய்க்கு விற்றேன். பாட்டி 1958-இல் தஞ்சாவூரில் சொல்லிச் செய்வித்த, ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணை அது. அதற்குப் பிறகு எந்த வீணையையும் தொடவில்லை. போன மாதம் ஒரு சஷ்டியப்தபூர்த்திக்குப் போன வீட்டில், கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் பார்த்தேன். யாளியின் இடது பக்கப் பல் மூளி. சின்ன வயதில் என் தம்பி உடைத்தது. தந்திகள் இல்லை, விரல் வைத்து அழுத்தும் மெட்டுகள் சில கழன்று கிடக்கின்றன, மேலே பளபளவென்று வார்னிஷ். அங்கேயே அழுதுவிட்டேன். மறுநாள் வீட்டுக்காரர் போன் செய்து 80,000 ரூபாய் என்றார். "அதுக்குப் புதுசே வாங்கலாமே அம்மா" என்கிறாள் மகள். வாங்கலாமா? என்னிடம் 1991-இல் பதிந்த ஒரு கேசட் இருக்கிறது. அந்த நாதம் திரும்ப வருமா? வீணையில் பதித்திருப்பது தந்தம் என்று பாட்டி சொல்வார். அதனால்தான் இந்த விலையோ?

பதில்:

அம்மா, வணக்கம்.

நீங்கள் அழுததில் குற்றமில்லை. வீட்டுக்காரருக்கு முன்னால் அழுததுதான் கொஞ்சம் செலவு வைத்துவிட்டது. அதுவரை அவருக்கு அது கூடத்துக்கு அழகாக ஒரு சாமான். உங்கள் கண்ணைப் பார்த்த பிறகுதான் அதற்கு விலை உண்டு என்றே தெரிந்திருக்கிறது. 80,000 என்பது மரத்தின் விலை இல்லை. அந்தப் பணத்துக்கு பாகங்களைத் தனித்தனியாகச் செய்து சேர்த்த நல்ல ஒட்டு வீணை ஒன்று புதிதாகவே வாங்கி, பெட்டியும் வாங்கி, மிச்சத்தில் ஆறு மாதம் பாட்டு வாத்தியார் சம்பளமும் கொடுக்கலாம். உங்கள் மகள் சொல்வது கணக்குப்படி சரி. 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து பரணில் கிடந்த வீணைக்கெல்லாம் அதைச் சொல்லி விலை ஏற்றுகிறார்கள். அவரும் சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். பழைய வீணையின் மரத்தை அந்தக் குறியீடு ஒன்றும் செய்வதில்லை.

ஆனால் நீங்கள் என்னிடம் கேட்பது கணக்கு இல்லையே. அதனால் விலையைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில், அது உங்கள் வீணைதானா? மூளிப் பல்லை மட்டும் வைத்து நம்பாதீர்கள். யாளிக்கு முதலில் போவது பல்லும் நாக்கும்தான். என் வீணைப் பட்டறைக்கு வருகிற பழைய யாளிகளில் பாதிக்குப் பல் இருக்காது. மறுபடி போகும்போது கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். வார்னிஷ் அடிக்கிறவன் கண்ணில் படுகிற இடத்தைத்தான் தேய்ப்பான். தந்தியை முறுக்கும் பிரடைகளின் கூட்டுக்குள், தந்திகளின் மறுநுனியைக் கட்டும் நாகபாசத்துக்கு அடியில், நீண்ட கழுத்தாகிய தண்டியின் கோடியில் மூடி போட்ட சின்ன அறை இருந்தால் அதன் உட்சுவரில், பழைய மரம் பழையபடியே இருக்கும். உங்கள் காலத்து எண்ணெய்க் கறை, பென்சில் கோடு, மஞ்சள் குங்குமம் எதுவானாலும் அங்கே தேடுங்கள். பிரடைத் துளைகளையும் பாருங்கள். என்றைக்காவது ஒரு துளை அகன்றுபோய் உள்ளே மரம் வைத்து அடைத்துத் திரும்பத் துளைத்திருந்தால், அந்த வளையம் எத்தனை வார்னிஷ் போட்டாலும் தெரியும். எந்தப் பிரடை என்று உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு இடது கைக் கட்டைவிரலைத் தண்டியின் விளிம்பில் ஓட்டிப் பாருங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது தந்தம். இதில் விளையாட்டு வேண்டாம். இந்திய யானைத் தந்தத்தை உள்நாட்டில் விற்பதும் வாங்குவதும் 1986 சட்டத் திருத்தத்திலேயே தடையாகிவிட்டது. 1991-இல் ஆப்பிரிக்கத் தந்தமும் சேர்ந்துகொண்டது. பாட்டி காலத்துப் பொருள் என்பது விற்பனைக்கு விலக்கு ஆகாது. 1996-இல் நீங்கள் விற்றதையும் இதோடு சேர்த்துப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஏனென்றால், பாட்டிகள் தந்தம் என்று சொல்வதில் பெரும்பகுதி தந்தமே இல்லை. மான்கொம்பு, எலும்பு, பிற்காலத்தில் பிளாஸ்டிக். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து வெட்டுவாயைப் பாருங்கள். தந்தத்தில் ஒன்றையொன்று வெட்டிப் போகும் மெல்லிய வளைகோடுகள் தெரியும், வலை போட்ட மாதிரி. எலும்பில் ஊசி குத்தினாற்போல் புள்ளிகளும் சிறு கீற்றுகளும் இருக்கும். பிளாஸ்டிக்கில் ஒன்றுமே இருக்காது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லும் புண்ணியவான்கள் உண்டு, கேட்காதீர்கள். வலைக்கோடு தெரிந்தாலும், மான்கொம்போ என்று சந்தேகம் வந்தாலும் பணம் கைமாறுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விலை பேசும்போது "தந்தம் சார்" என்று அவரே ஆரம்பித்தால், சட்டத்தை மெதுவாகச் சொல்லுங்கள். விலை தானே இறங்கும்.

இப்போது மரம்.

வீணை என்று நாம் சொல்வதில் நிலைத்து நிற்பது பலாமரம் மட்டும்தான். குடம், அதன் மேல்பலகை, தண்டி. மற்றதெல்லாம் தேயும், மாறும். மெட்டுகளை நிலையாக வைத்து 24 மெட்டு வீணையை அமைத்தது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் என்பார்கள். நிலையாக என்று பேர். அவை நிற்பது என்னவோ மெழுகில். தேன்மெழுகும் குங்கிலியமும் கரித்தூளும் கலந்து காய்ச்சிய மெழுகு, நம் ஊர் வெயிலுக்கு இளகும், வருஷத்துக்கு வருஷம் நகரும். அதனால் மெட்டுகள் கழன்று கிடக்கின்றன என்று கவலைப்படாதீர்கள். தந்தி இல்லாததும் ஒரு வகையில் நல்லதே. முறுக்கேற்றிய தந்தியோடு முப்பது வருஷம் நின்றிருந்தால் தண்டி வில்லாகியிருக்கும்.

குடத்தைத் தட்டிப் பாருங்கள், மண்பானை வாங்கும்போது தட்டுகிற மாதிரி, விரல் கணுவால், சுற்றி நாலு இடத்தில். ஓரிடத்தில் மட்டும் சொத்தென்று கேட்டால் அங்கே உள்விரிசலோ மரத்தை அரிக்கும் உளுவோ இருக்கும். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்து மெதுவாக அசையுங்கள். மாவு மாதிரித் தூள் விழுந்தால் உளு இன்னும் உயிரோடிருக்கிறது, வாங்க வேண்டாம். பழைய துளைகள் மட்டும் இருந்து தூள் விழாவிட்டால் பாதகமில்லை. மர ஓட்டத்தோடு போகும் விரிசலை வஜ்ஜிரப் பசை போட்டு இறுக்கிச் சரிசெய்யலாம். தந்திகளைத் தாங்கும் குதிரை உட்காரும் இடத்தில் பலகை உள்ளே அமுங்கியிருந்தாலோ, அந்த இடத்தைக் குறுக்கே வெட்டி விரிசல் போனாலோ பலகையையே மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு பேசுவது வேறு வீணை. யாளிப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டி நெடுகப் பாருங்கள். தச்சர் பலகை பார்க்கிற மாதிரி. கோணல் தெரிந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள், சொல்கிறேன்.

என் தீர்ப்பு இவ்வளவுதான்: குடமும் பலகையும் தண்டியும் நன்றாக இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் வாசிக்காமல் வெறுமனே கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க மனது ஒப்புமா என்று உங்களையே கேளுங்கள். ஒப்பும் என்றால் அப்போதும் வாங்கலாம், ஆனால் என்னிடம் கொண்டுவராதீர்கள். என் வேலை உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் முடியும்.

வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது, என் மாதிரி ஆட்களிடமிருந்து.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெரியவர் இதே மாதிரி ஒரு வீணையோடு வந்தார். கல்லூரி நாளில் விற்றது, ஓய்வு பெற்ற பிறகு தேடிக் கண்டுபிடித்து மீட்டிருந்தார். எனக்கு அந்தக் கதையிலேயே மயக்கம். அவருக்கு நல்லது செய்கிறேன் என்று முழு வீணையையும் இறக்கிப் போட்டேன். பிரடைகள் கொஞ்சம் நழுவின, ஏழும் புதிதாகக் கடைந்து போட்டேன். மெட்டுகள் தேய்ந்திருந்தன, புது வெண்கலம். தண்டியின் விளிம்பு ஓரிடத்தில் குழிந்து அசிங்கமாகத் தெரிந்தது. உப்புத்தாள் போட்டு ஒரே நேராக்கி, அரக்குப் பாலிஷ் ஏற்றினேன். கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. பெரியவர் வந்து உட்கார்ந்தார், சுருதி சேர்த்தார், இரண்டு நிமிஷம் வாசித்தார். இடது கை ஓரிடத்துக்கு வந்ததும் தயங்கி நின்றுவிட்டது. மறுபடி மேலே போய் இறங்கினார், மறுபடியும் அங்கேயே தயக்கம். "நன்னா இருக்கு. ஆனா இது என்னுது இல்லையே" என்றார். கூலியை முழுசாகக் கொடுத்தார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்தக் குழி அவருடைய கட்டைவிரல் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடி ஓடி உண்டாக்கியது. எந்த மெட்டுக்கு வந்துவிட்டோம் என்று அவர் கைக்கு அதுதான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைத்தான் இழைத்து எறிந்திருந்தேன். எறிந்த மரத்தூளை எங்கே போய்ப் பொறுக்குவது?

அதனால் உங்கள் வீணை யார் கைக்குப் போனாலும், நானாகவே இருந்தாலும், தொடக்கூடாத இடங்களை ஒரு தாளில் எழுதி வீணையிலேயே கட்டிவிடுங்கள். தண்டியின் விளிம்பு. குடத்தில் வலது முன்கை படிந்து மழுங்கிய இடம். யாளியின் மூளிப் பல்லும்தான்; புதுப் பல் வைக்கிறேன் என்று யாராவது ஆசையாகக் கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தம்பியின் குறும்புக்கு அடையாளமாக இருக்கட்டும். பிரடை நழுவினால் முதலில் சாக்பீஸ் தூள் தடவிப் பாருங்கள், அதற்கும் நிற்காத பிரடையை மட்டும் மாற்றினால் போதும். கழன்ற மெட்டுகளைப் பொறுக்கி வரிசைப்படி எண் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வாருங்கள். வாசிக்கும் முதல் தந்தியான சாரணிக்கு அடியில் பள்ளம் விழுந்திருந்தால் அரத்தால் ராவி, அதையே திரும்ப வைக்கலாம். நாலைந்து புதிது சேர்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

அந்த வார்னிஷ் விஷயத்தில் அவசரம் வேண்டாம். நாகபாசத்துக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில், பாலிஷ் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒற்றிப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ், துடைத்தே எடுத்துவிடலாம். அசையாமல் கண்ணாடி மாதிரி நின்றால் அது பாலியூரித்தேன் வகை, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சுரண்டுகிறவன் கை மரத்தோடு நிற்காது. மேல்பலகையில் மட்டும் அது தடிமனாக இருந்து நாதத்தை அமுக்கினால் அங்கே மட்டும் பார்ப்போம். மற்ற இடமெல்லாம் பளபளத்துவிட்டுப் போகட்டும்.

புதிதாகச் செய்யவேண்டியவை மூன்று. தந்தி, குதிரைத் தகடு, மேளம் (மெட்டுகளைச் சுருதிப்படி மெழுகில் உட்காரவைப்பது). இதில் உங்கள் கேசட் கேள்விக்கும் பதில் இருக்கிறது.

1991-இல் நீங்கள் கேட்ட நாதம் மரத்திலிருந்து மட்டும் வந்ததில்லை. குதிரையின் மேல் உட்கார்ந்திருக்கும் தகட்டுக்கு ஒரு மெல்லிய வளைவு உண்டு. தந்தி அதில் எங்கே தொட்டு எங்கே விலகுகிறதோ அதைப் பொறுத்துத்தான் மீட்டிய பின் நீளும் கார்வை நிற்பதும், இரைவதும், சட்டென்று அடங்குவதும். முடி அளவு ராவினால் போதும், வேறு குரல். தந்தியின் கனம், மெட்டிலிருந்து அதன் உயரம், நீங்கள் வைத்திருந்த சுருதி, மீட்டும் விரலில் அன்று இருந்த நகம் எல்லாம் சேர்ந்த குரல் அது. மேளம் கட்டியவர் யார் என்பதும் உண்டு. மேளம் கட்டுவது காதால் செய்கிற வேலை. ஒவ்வொரு மெட்டையும் இளகின மெழுகில் உட்காரவைத்துத் தட்டிக் கேட்டு நகர்த்துகிறவரின் காது அந்த வீணைக்குள் போய்விடும். 1991-இல் உங்களுக்கு மேளம் கட்டியவர் இன்றைக்கு இருக்கிறாரோ என்னவோ. இருந்தாலும் அவருக்கும் காது மூப்படைந்திருக்கும்.

கேசட்டையும் முழுசாக நம்பாதீர்கள். பதிந்த கருவியின் வேகம் ஒன்று, ஓட்டுகிற கருவியின் வேகம் ஒன்று. மூன்று கட்டை சுருதியில் வாசித்தது நாலுக்குப் பக்கமாகக் கேட்கும், வாசித்தவருக்கே "நானா இவ்வளவு சுறுசுறுப்பாக வாசித்தேன்" என்று பெருமையாக இருக்கும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நல்ல பலா வயதாக ஆக இறுகி, தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். 1958-இல் செய்தது இப்போது அறுபதைத் தாண்டியாகிவிட்டது. தந்தி ஏற்றிய முதல் நாள் ஊமையாகத்தான் இருக்கும். அன்றைக்கே மூன்று கட்டைக்கு முறுக்காதீர்கள். இத்தனை காலம் இழுவை இல்லாமல் இருந்த மரம், திடீரென்று ஏழு தந்தியின் பாரத்தையும் தாங்காது. இரண்டு கட்டையில் நிறுத்தி இரண்டு மூன்று வாரம் விடுங்கள். அப்புறம் இரண்டரை. அதன் பிறகே மூன்று. ஏற்றும் ஒவ்வொரு தடவையும் குதிரைப் பக்கம் பலகை அமுங்குகிறதா என்று பாருங்கள். மேளத்தைக் கடைசிச் சுருதிக்கு வந்தபின் கட்டினால் போதும். முதலிலேயே கட்டினால் எனக்கு இரண்டு கூலி, அவ்வளவுதான் லாபம். மூன்று நான்கு மாதம் தினமும் வாசித்த பிறகு ஒருநாள் தாழ்ந்த குரலுள்ள மந்திரத் தந்தியைத் தட்டும்போது குடம் உங்கள் மடியில் அதிரும். அது கேசட்டில் உள்ள நாதமாக இருக்காது. உங்களுக்குத் தெரிந்த நாதமாக இருக்கும்.

கை விஷயம் நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் இருந்த காய்ப்பு போயே போயிருக்கும். முதல் வாரம் பத்து நிமிஷம். விரல் நுனியில் துளி தேங்காய் எண்ணெய். ஆரம்பப் பாடமான சரளி வரிசையிலிருந்து தொடங்குங்கள். வானொலியில் வாசித்தவருக்குச் சரளியா என்று வீட்டில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நேரே கடினமான அட தாள வர்ணத்துக்குப் போய், விரல் வெட்டிக்கொண்டு, வீணை மறுபடி கண்ணாடிப் பெட்டிக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். சப்பணம் போட முழங்கால் இடம் தராவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே சரியான உயரத்தில் ஒரு பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். பழைய வீணை வித்வான்களான காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்தே வாசித்தவர். வீணைக்கு ஒரே ஒரு உட்காரும் விதம்தான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

விலைக்கு வருகிறேன். தனியாகப் போகாதீர்கள், தம்பியைக் கூட்டிப் போங்கள், பேசுவது அவராக இருக்கட்டும். தந்தி, தகடு, மேளம், விரிசல் வேலை என்று பழுதுச் செலவை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைத்துக் கழிக்கச் சொல்லுங்கள். பாதிக்கு வந்தால் எனக்குத் திருப்தி. வரவே மாட்டேன் என்றால் ஒரு மாதம் சும்மா இருங்கள். வேறு யாரும் அவரிடம் போய்க் கேட்கப்போவதில்லை. கொடுத்த தொகைக்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். விற்கவே மறுத்தால், தந்தி போட்டு வருகிற சரஸ்வதி பூஜைக்கு அங்கேயே வந்து வாசிக்கட்டுமா என்று கேளுங்கள். தன் வீட்டுக் கூடத்தில் அது ஒலிப்பதை ஒருதரம் கேட்டால் அவருக்கும் அது வெறும் சாமானாக இருக்காது. விலை இறங்கலாம், ஏறவும் ஏறலாம். அதை மட்டும் என்னால் சொல்ல முடியாது.

கொண்டுவரும்போது கார் டிக்கியில் போடாதீர்கள், மிச்சமிருக்கும் மெழுகும் உருகி ஓடிவிடும். பின் சீட்டில் போர்வை சுற்றிப் படுக்க வைத்து, காலை வெயிலுக்கு முன் கிளம்பிவிடுங்கள். அந்தக் கேசட்டையும் எடுத்து வாருங்கள். நம்பாதீர்கள் என்று சொன்னேனே தவிரக் கேட்கக்கூடாது என்று சொல்லவில்லை. பட்டறையில் பழைய டேப் ரிக்கார்டர் ஒன்று கிடக்கிறது, பெல்ட் மாற்றினால் ஓடும்.